செட்டிநாட்டு இரும்பும் ஒரு மதுரை வீடும்

செட்டிநாட்டு வீடுகளைப் பற்றிய நூல்களும் சுற்றுலாக் கையேடுகளும் பர்மாத் தேக்கு, இத்தாலியச் சலவைக்கல், ஆத்தங்குடித் தரைக்கல், முட்டை வெண்கரு கலந்து இழைத்த சுண்ணாம்புச் சாந்து ஆகியவற்றை வரிசையாகச் சொல்லி நிறுத்திக்கொள்கின்றன; அவ்வீடுகளைத் தாங்கியும் காத்தும் நின்ற இரும்புக்கு அந்த வரிசையில் பெரும்பாலும் இடமில்லை. தேக்கும் சலவைக்கல்லும் விருந்தினர் கண்ணில் படுவதற்கென்றே வைக்கப்பட்டவை; இரும்போ வேலைக்கென வைக்கப்பட்டு, ஆண்டுதோறும் வண்ணம் பூசப்பட்டு, சுவரோடு சுவராகப் பார்வையிலிருந்து ஒதுங்கிப்போனது. ஆயினும் இன்றைய சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் எழுபதுக்கும் மேற்பட்ட நகரத்தார் ஊர்களில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி 1940கள் வரை எழுந்த பெருவீடுகளில் அதன் பங்கு சிறிதன்று. வீட்டின் நடுவே வானம் பார்த்த முற்றமும் அதைச் சூழ்ந்த தூண் வரிசையும் சேர்ந்த பகுதியை வளவு என்பர்; அந்த வளவின் மேல்மாடிக் கைப்பிடி, சாளரங்களின் கம்பி, தலைவாசல் நிலைக்கு மேலே காற்றுக்காக விடப்பட்ட திறப்பை அடைக்கும் கிராதி, பின்கட்டுக்குச் செல்லும் சுழல் படிக்கட்டு, கூரையின் செங்கல் அடுக்கைத் தாங்கும் கர்டர் என வீட்டின் பல இடங்களில் அது வேலை செய்தது. கிராதி என்பது கம்பிகளையோ பட்டைகளையோ குறுக்கும் நெடுக்குமாகவும் சுருள்களாகவும் இணைத்து, காற்றையும் ஒளியையும் உள்ளே விட்டு, ஆளையும் விலங்கையும் வெளியே நிறுத்தும் தடுப்பு.

இந்த இரும்பு எல்லாம் ஒரே இரும்பு அன்று என்பதை அறியாமல் அதை வாங்குவதோ ஒரு வீட்டில் பொருத்துவதோ இயலாது. முதல் வகை வார்ப்பிரும்பு: 2 முதல் 4 விழுக்காடு வரை கரிமம் கலந்தது, ஏறக்குறைய 1,150 முதல் 1,200 பாகை செல்சியசில் உருகுவது, மணல் அச்சில் ஊற்றி வேண்டிய பூவேலையோடு எடுக்கத்தக்கது. அழுத்தும் சுமையை அது நன்கு தாங்கும். இழுப்பையும் வளைவையும் திடீர் அடியையும் தாங்காது, வளையாமலே முறியும். இரண்டாவது தேனிரும்பு: கரிமம் பெரும்பாலும் நீங்கி, 0.1 விழுக்காட்டுக்கும் கீழே நின்று, இரும்புக் கசடின் மெல்லிய இழைகள் உள்ளே ஓட, உலையில் காய்ச்சிச் சம்மட்டியால் அடித்து எந்தச் சுருளாகவும் வளைக்கத்தக்கது. அதன் முறிந்த முகம் பிளந்த மூங்கில் போல நார்நாராக இருக்கும். மூன்றாவது எஃகு. 1856இல் பெசமர் முறை வந்தபின் அது மலிந்து, 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் கட்டுமானத்தில் தேனிரும்பின் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது. ஆகவே ஒரே செட்டிநாட்டு வீட்டில் தூண் வார்ப்பிரும்பாகவும், சாளரக் கிராதி தேனிரும்பாகவும், கூரையின் கர்டர் எஃகாகவும் இருப்பது வியப்புக்குரியதன்று.

இவை வந்த வழியும் ஒன்றன்று. 1709இல் இங்கிலாந்தின் கோல்புரூக்டேலில் ஆபிரகாம் டார்பி மரக்கரிக்குப் பதிலாகக் கல்கரியைக் கொண்டு இரும்பை உருக்கிக் காட்டியதும், அதே ஊருக்கருகே 1779இல் வார்ப்பிரும்புப் பாலம் நிறுத்தப்பட்டதும் வார்ப்பைக் கட்டடத்துக்குரிய பொருளாக ஆக்கின. அடுத்த நூற்றாண்டில் கிளாஸ்கோவின் சாரசென் வார்ப்பாலை போன்ற நிறுவனங்கள் தூண், கைப்பிடி, விளக்குத்தண்டு, குடிநீர் மண்டபம் ஆகியவற்றைப் படத்தோடும் எண்ணோடும் அச்சிட்ட விலைப்பட்டியலாக்கி உலகமெங்கும் அனுப்பின. பட்டியலைப் பார்த்து எண்ணைக் குறிப்பிட்டு எழுதினால் தூண் கப்பலேறி வரும் காலம் அது. 1897இல் தொடங்கி 1912இல் முடிந்த மைசூர் அரண்மனையின் கலியாண மண்டபத்துத் தூண்கள் அவ்வாறு கிளாஸ்கோவிலிருந்து வந்தவையே. கூரைக் கர்டர்களைப் பொறுத்தவரை சுண்ணாம்பைச் சுரண்டினால் உருட்டாலையின் பெயர் புடைப்பெழுத்தில் தெரிவதுண்டு. மிடில்ஸ்பரோ நகரத்து டார்மன் லாங் என்ற பெயர் இந்தியாவின் பழைய கட்டடங்களில் அடிக்கடி தென்படுகிறது. 1912இல் ஜாம்ஷெட்பூரில் எஃகு வார்க்கத் தொடங்கியபின் டாட்டாவின் பெயரும் சேர்ந்துகொண்டது. தமிழ்நாட்டில் உள்ளூர் முயற்சி இல்லாமலும் இல்லை: ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் 1830ஆம் ஆண்டளவில் பரங்கிப்பேட்டையில் சேலத்து இரும்புத்தாதுவை மரக்கரியால் உருக்கும் ஆலையை நிறுவினார். காடு குறைந்து, கரியின் செலவு ஏற, அந்த ஆலை நிலைக்கவில்லை. நிலைத்திருந்தால் காரைக்குடியின் தூண்களில் சிலவேனும் கடல் கடக்காமலே வந்து சேர்ந்திருக்கக்கூடும்.

வந்த இரும்பு தூணாகவோ கர்டராகவோ இருந்தால் அப்படியே நின்றது. கிராதியாக இருந்தால் உள்ளூர்க் கொல்லுப்பட்டறையின் கையும் பட்டது. சீமையிலிருந்து வந்த பட்டைக் கம்பியைக் கொண்டு ஊர்க் கொல்லர் மயிலும் தாமரையும் வளைத்தார். நிலைக்கு மேலுள்ள கிராதியின் நடுவே வீட்டாரின் விலாசத்தையும் அடித்து வைத்தார். விலாசம் என்பது நகரத்தார் வழக்கில் முகவரியைக் குறிப்பதன்று. முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகள் தொடராக நின்று, ஒரு குடும்பத்தின் வட்டிக்கடையையும் வணிகத்தையும் ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் அடையாளம் காட்டிய எழுத்துக் கோவை அது. பட்டைக் கம்பியில் தமிழெழுத்தை வளைப்பது எளிதன்று. ஆங்கிலத்தின் நேர்கோட்டு எழுத்துகளை இரண்டு மூன்று துண்டுகளால் முடித்துவிடலாம். ‘அ’ என்ற எழுத்தின் சுழியையும் காலையும் ஒரே பட்டையில், இடையில் ஒட்டில்லாமல் கொண்டுவர உலைச்சூட்டின் நிறத்தைப் படிக்கத் தெரிந்த கை வேண்டும்.

1942இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்தபோது அங்கிருந்த நகரத்தார் தொழில் முறிந்தது. 1960களில் பர்மிய அரசின் நாட்டுடைமைச் சட்டங்கள் எஞ்சியதையும் முடித்துவைத்தன. பணம் வந்த வழி அடைபட்டபின், அறைகள் பலவாக விரிந்த வீட்டைப் பராமரிப்பது பெருஞ்சுமையாயிற்று. ஒரு வீடு ஆண்வழிப் பங்காளிகள் அனைவருக்கும் உரியதாகையாலும், திருமணமான ஒவ்வோர் இணையரும் தனிப் ‘புள்ளி’யாகக் கணக்கிடப்படுவதாலும், மூன்று தலைமுறைக்குள் உரியவர் எண்ணிக்கை பெருகி, வெள்ளையடிக்கக்கூடப் பல ஊர்களிலிருந்து ஒப்புதல் வர வேண்டிய நிலை ஏற்பட்டது. இவ்வாறு ஒப்புதல் கிட்டாத வீடுகளுள் சில பூட்டியே கிடந்தன, சில பிரிக்கப்பட்டன. பிரிப்பது என்பது அத்தொழிலில் இருப்போர் சொல்லும் சொல். ஓட்டிலிருந்து தொடங்கி மேலிருந்து கீழாக, உடையாமல் ஒவ்வொன்றாகக் கழற்றிக் குவிப்பதே பிரிப்பு. தேக்கு முதலில் விலைபோகும், பிறகு கல்தூண், பிறகு கதவும் நிலையும். இரும்பு கடைசியில் எடைக்குப் போகும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளை இக்கட்டுரையாளர் முதலில் கண்ட 1990களின் நடுப்பகுதியில் இந்த வரிசை மாறத் தொடங்கியிருந்தது. எனாமல் பாத்திரமும் பெல்ஜியம் கண்ணாடியும் ரவிவர்மா அச்சுப்படமும் கடையின் முன்பக்கம் அடுக்கப்பட்டிருக்க, கிராதிகள் பின்கட்டுச் சந்தில், ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து, மழையில் நனைந்து கிடந்தன. அவற்றின் விலை இருவகையாகச் சொல்லப்பட்டது. வருபவர் பழைய இரும்புக் கடைக்காரரானால் கிலோக் கணக்கு. வீட்டுக்கென்று கேட்பவரானால் உருப்படிக் கணக்கு. இவ்விரண்டுக்கும் இடையே இருந்த பெரும் வேறுபாட்டைக் கடைக்காரர்கள் மறைக்கவும் இல்லை. எடைக்குப் போனால் நாளைக்கு உருகிவிடும், உருப்படியாகப் போனால் இன்னொரு வீட்டில் நிற்கும் என்பது அவர்கள் தந்த நியாயம். அந்த நியாயத்தில் வணிகமும் உண்டு, உண்மையும் உண்டு. 1941இல் பிரிட்டனில் போர்த்தேவை என்று சொல்லி வீடுகளையும் பூங்காக்களையும் சுற்றியிருந்த இரும்பு வேலிகளை அரசே அறுத்தெடுத்தது. தாயகத்தில் அழிந்த அக்காலத்து வேலைப்பாட்டின் உறவுகள் கப்பலேறி வந்த நாடுகளில் பிழைத்துக் கிடந்ததையும், பின்னர் அங்கேயும் எடைக்குப் போனதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

மதுரையில் அப்போது கட்டத் தொடங்கியிருந்த கட்டுரையாளரின் வீட்டுக்கென அத்தெருவிலிருந்து வாங்கப்பட்டவை நான்கு வார்ப்பிரும்புத் தூண்களும், ஓர் இணை சாளரக் கிராதிகளும், விலாச எழுத்துகள் அமைந்த ஒரு வாசல் கிராதியும், மாடிக் கைப்பிடியின் ஒரு நீளமும் ஆகும். வீட்டில் இதற்கு எதிர்ப்பு இருந்தது. இரும்பு சனிக்குரியது, சனிக்கிழமை இரும்பு வாங்கலாகாது என்ற நம்பிக்கை தென்மாவட்டங்களில் இன்றும் வலுவாக உள்ளது. அதற்கும் மேலாக, வாழ்ந்து கெட்ட வீட்டின் பொருள் புதுவீட்டுக்குள் வரக்கூடாது என்ற அச்சம் உண்டு. கட்டுரையாளரின் மாமியார் பலமுறை சொன்னது இது: “மாப்பிள்ளை, மரத்தை வாங்குங்க, கல்லை வாங்குங்க, வேண்டாங்கல. இடிஞ்ச வீட்டு இரும்பு எதுக்கு? அவுக பேரு வேற அதுல இருக்கு.” இந்தக் கடைசிச் சொல்லில் இருந்த அறச்சிக்கல் நம்பிக்கையைச் சார்ந்ததன்று, அதற்கு விடை காண்பது துருவை நீக்குவதைவிடக் கடினமாக இருந்தது. எழுத்துகளை அறுத்துவிட்டு அவ்விடத்தில் ஒரு பூவைப் பற்றவைத்துத் தருவதாகக் கடைக்காரர் சொன்னார். அவ்வாறு செய்வது வழக்கம்தான் என்றும் சொன்னார். குடும்பம் அதற்கு உடன்படவில்லை. பெயரை அறுத்து எடுத்தபின் எஞ்சுவது அலங்காரக் கம்பி மட்டுமே என்பதும், அதைப் புதிதாகவே எந்தப் பட்டறையிலும் செய்துகொள்ளலாம் என்பதும் அப்போது சொல்லப்பட்ட காரணம்.

வாங்கும்போது உண்மையான பழையதைப் போலியிலிருந்து பிரித்தறியும் முறைகள் சில உண்டு. அவற்றுள் பெரும்பாலானவற்றுக்குக் கண்ணும் ஒரு சிறு காந்தமும் போதும். கறுப்பு வண்ணம் பூசிய அலுமினிய வார்ப்புகள் பழைய இரும்பென்று விற்கப்படுகின்றன. காந்தம் ஒட்டாததாலும் எடை குறைவாலும் அவை உடனே வெளிப்படும். தேனிரும்புக் கிராதியில் இரண்டு பட்டைகள் சேரும் இடத்தைப் பார்க்க வேண்டும்: பழைய வேலையானால் துளையிட்டுச் செலுத்தி இருபுறமும் தலைதட்டி இறுக்கிய தறையாணியோ, சூட்டில் சுற்றி மடித்த சிறு கழுத்துப்பட்டையோ இருக்கும், மின்பற்றவைப்பின் குமிழ்த் தடம் இருந்தால் அது புதியது, அல்லது பின்னாளில் திருத்தப்பட்டது. சுருளின் நுனியை அடித்து மெலிவித்திருப்பதும் கைவேலையின் அடையாளம். இயந்திரத்தில் வளைத்த கம்பி தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே தடிமனில் ஓடும். வார்ப்பிரும்பில் இரண்டு அச்சுப் பாதிகள் கூடிய மெல்லிய வரை நீளவாக்கில் தெரியும். துருவும் பேசும். அமிலம் தெளித்து வரவழைத்த துரு எங்கும் ஒரே செம்மஞ்சளாக இருக்க, பல்லாண்டுத் துரு கரும்பழுப்பாக, அடுக்கடுக்காக, மழைத்தண்ணீர் தங்கிய மூலைகளில் மட்டும் தடித்திருக்கும்.

தூண்களைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் வீட்டை அழகுபடுத்த விரும்புவோர் முதலில் ஆசைப்படுவதும் அவற்றையே, இடர் மிகுந்தவையும் அவையே. இவ்வகைத் தூண்கள் பெரும்பாலும் உள்ளீடற்றவை. இரண்டரை மீட்டர் உயரமும் 10 செ.மீ. விட்டமும் ஒன்றரை செ.மீ. சுவர்த்தடிமனும் உள்ள தூண், வார்ப்பிரும்பின் அடர்த்தியைக் கொண்டு கணக்கிட்டால், பூவேலை நீங்கலாக 70 கிலோவை ஒட்டிய எடையுடையதாகும். உள்ளீட்டை உண்டாக்க அச்சின் நடுவே வைக்கப்படும் மணற்கரு, உருகிய இரும்பு பாயும்போது சற்றே நகர்ந்துவிட்டால், தூணின் ஒருபுறச் சுவர் தடித்தும் மறுபுறம் மெலிந்தும் அமைந்துவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது தெரியாது. எனவே மேலே கான்கிரீட் தளம் அமைத்து அதன் சுமையை இத்தூண்கள் தாங்கும் என்று கணக்கிடக் கட்டடப் பொறியாளர் மறுத்தார். நான்கு பக்கமும் சிறு துளையிட்டுச் சுவர்த்தடிமன் அளக்கப்பட்டதில் ஒரு தூண் அவருடைய ஐயத்தை மெய்ப்பித்தது. முடிவில் அவை முன்புறத் தாழ்வாரத்தின் சீமை ஓட்டுக் கூரையை, ஒரு தேக்கு உத்திரத்தின் வழியாக, தாங்குமாறு நிறுத்தப்பட்டன. ஓட்டுக் கூரையின் சுமை சிறிது. ஆனால் அது உண்மையான சுமை.

இந்த வேறுபாட்டைப் பலர் பொருட்படுத்துவதில்லை. கான்கிரீட் தூண் வேறெங்கோ சுமையைத் தாங்க, பக்கத்தில் வார்ப்பிரும்புத் தூண் தலைக்கும் தளத்துக்கும் இடையே விரலளவு இடைவெளியோடு நிற்கும் உணவகங்களும் விடுதிகளும் இன்று ஏராளம். அந்த இடைவெளியை ஒருமுறை கவனித்துவிட்ட கண் பிறகு தூணைப் பார்ப்பதில்லை, இடைவெளியையே பார்க்கிறது.

தூண்களுள் ஒன்றின் அடிப்பகுதியில் கையளவு நீளத்துக்கு விரிசல் இருந்தது. மதுரையில் ஒரு பற்றவைப்புப் பட்டறையில் அதைச் சாதாரண எஃகுக் குச்சியால் ஒட்ட முயன்றபோது, ஒட்டு ஆறும் முன்பே அதன் ஓரத்தில் புது விரிசல் ஓடியது. வார்ப்பிரும்பில் இது எதிர்பார்க்கத்தக்கதே: ஓரிடம் மட்டும் உருகும் அளவுக்குச் சூடேறி, சுற்றுப்பகுதி குளிர்ந்திருக்க, ஆறும்போது சுருங்கும் இழுப்பை அந்த இரும்பால் தாங்க முடிவதில்லை, முழுத்துண்டையும் முன்கூட்டியே சூடாக்கி, நிக்கல் குச்சி கொண்டு பற்றவைத்து, மெல்ல ஆறவிட்டாலன்றி ஒட்டு நிற்காது. வேலையை முடித்துக் கொடுத்தவர் ஒரு முதிய கொல்லர். இளமையில் மாட்டுவண்டிச் சக்கரங்களுக்குப் பட்டா ஏற்றியவர். பட்டா என்பது மரச்சக்கரத்தின் விளிம்பில் மாட்டும் இரும்பு வளையம். சக்கரத்தைவிட இம்மியளவு சிறிதாக அதை அடித்து, நெருப்பில் காயவைத்து விரியச் செய்து, சக்கரத்தில் ஏற்றித் தண்ணீர் ஊற்றினால் சுருங்கி மரத்தை இறுகக் கவ்வும். அதே முறையில் தூணின் அடியைச் சுற்றி இரண்டு பட்டை வளையங்களை ஏற்ற அவர் முடிவு செய்தார். 10 செ.மீ. விட்டமுள்ள வளையம் 600 பாகை சூடேறும்போது விட்டத்தில் முக்கால் மில்லிமீட்டர் அளவே விரியும்; அந்த முக்கால் மில்லிமீட்டருக்குள் அவர் கையளவாகவே வேலை செய்தார், அளவுகோல் எடுக்கவில்லை. வளையம் ஏறியதும் உடனிருந்த இளைஞர் பழக்கத்தால் தண்ணீர் வாளியைத் தூக்க, கொல்லர் தடுத்தார். மரம் தண்ணீர் தாங்கும், வார்ப்பு தாங்காது, தானாக ஆறட்டும் என்பது அவர் சொன்ன காரணம். உலோகவியல் நூல் திடீர்க் குளிர்ச்சி பற்றிச் சொல்வதும் அதுவே. வளையங்களை வண்ணத்தால் மறைக்க வேண்டாம் என்று வீட்டார் விரும்பினர். திருத்தம் திருத்தமாகவே தெரிவது நேர்மை என்பது கட்டுரையாளரின் கருத்து.

வண்ணத்தை நீக்குவதில் அழகைவிட உடல்நலமே முதற்கவலையாக இருக்க வேண்டும். பழைய இரும்பின் அடிப்பூச்சு பெரும்பாலும் செவ்வீயம், அதாவது ஈய ஆக்சைடு கலந்த செந்நிறப் பூச்சு. அதன்மேல் பூசப்பட்ட பச்சையிலும் வெண்மஞ்சளிலும்கூட ஈயம் கலந்திருக்கும். இந்தியாவில் வீட்டு வண்ணங்களில் ஈயத்தின் அளவைப் பத்து இலட்சத்தில் 90 பங்குக்குள் கட்டுப்படுத்தும் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது என்பதை நினைத்தால், அதற்கு முந்தைய எந்தப் பூச்சையும் ஐயத்தோடு அணுகுவதே முறை. உப்புத்தாளால் உலர்வாகத் தேய்த்தால் ஈயத் தூள் காற்றில் கலந்து நுரையீரலுக்குப் போகும். ஊதுவிளக்கால் எரித்தால் ஈய ஆவி எழும். ஈரமாக்கிச் சுரண்டி, சுரண்டியதைத் துணியில் சேர்த்து அகற்றி, குழந்தைகளை அருகே விடாமல் இருப்பதே பாதுகாப்பு. 1990களில் இவை எதுவும் பட்டறைகளில் பேசப்படவில்லை. வேலை வெளியிலேயே, மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கம்பி பிரஷால் தேய்த்து நடந்ததால் தூசி அதிகம் எழவில்லை என்பது தற்செயலான நன்மை. தேய்த்தபின் கொல்லர் கடுக்காய் ஊறிய நீரைப் பூசினார். கடுக்காயின் துவர்ப்பு எஞ்சிய துருவோடு கூடிக் கருநீலப் படலமாக மாறுகிறது. கடைகளில் டேனிக் அமிலத் துருமாற்றி என்று புட்டியில் விற்பதன் வேதியியலும் இதுவே. அது காய்ந்தபின் உட்புறக் கிராதிகளுக்குக் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயும், வெயில்மழை படும் தூண்களுக்கு ரெட் ஆக்சைடு பிரைமரும் அதன்மேல் எனாமலும் பூசப்பட்டன. மதுரையின் வறண்ட காற்றில் எண்ணெய்ப் பூச்சு போதுமானதாக இருந்தது. சென்னையின் கடற்கரைப் பகுதிகளில் அதை நம்ப முடியாது; உப்புக்காற்று ஒரு மழைக்காலத்துக்குள் அதைத் தின்றுவிடும்.

இரும்பைச் சுவரிலும் கல்லிலும் புதைக்கும் இடமே அதன் பலவீனம். துரு தான் உண்டான இரும்பைவிடப் பல மடங்கு இடம் கொள்வதால், புதைந்த கம்பி துருப்பிடித்தால் சுற்றியுள்ள கல்லையே பிளந்துவிடும். பழைய கோட்டை, மாளிகைகளின் படிக்கட்டுக் கற்கள் கைப்பிடி நின்ற துளையைச் சுற்றி வெடித்திருப்பதற்குக் காரணம் இதுதான். முன்னோர் துளைக்குள் ஈயத்தை உருக்கி ஊற்றி, அதன் நடுவே கம்பியை நிறுத்தியது ஈரம் புகாமல் தடுக்கவே. சுண்ணாம்புச் சாந்தின் காரத்தன்மை இரும்பைக் காக்கும். ஜிப்சம் சார்ந்த வெண்சாந்து காக்காது, துருவை விரைவுபடுத்தும். மதுரை வீட்டின் கிராதிகள் சுவரில் புதைக்கப்படாமல், நிலைச்சட்டத்தோடு திருகாணியால் பொருத்தப்பட்டன. வண்ணம் பூச வேண்டும்போது கழற்றி எடுக்கவும் முடிந்தது.

சாளரக் கிராதிகள் உணவுக்கூடத்துக்கும் கூடத்துக்கும் இடையே, மரச்சட்டத்தில், கண்ணாடி இல்லாமல் வைக்கப்பட்டன. அடுக்களையிலிருந்து வாசலைப் பார்க்கவும், வாசலில் நிற்பவரிடம் பேசவும், குழந்தை ஊர்ந்து வெளியே போகாமல் தடுக்கவும் அவை பயன்பட்டன. மாடிக் கைப்பிடி நீளம் மட்டும் பல ஆண்டுகள் சரியான இடம் கிடைக்காமல் கூடத்துச் சுவரில் படம் போல மாட்டப்பட்டிருந்தது. விருந்தினர் பலர் பாராட்டியதும் அதைத்தான், வீட்டார் எவரும் நின்று பார்க்காததும் அதைத்தான். பின்னர் மாடியில் ஓர் அறை எழுந்தபோது அது படிக்கட்டுத் தலைப்பின் கைப்பிடியாயிற்று. அதன் கம்பிகளுக்கிடையே 10 செ.மீ.க்கு மேல் இடைவெளி இருந்ததால், சிறுபிள்ளையின் தலை நுழையாதபடி ஒவ்வோர் இடைவெளியிலும் ஒரு மெல்லிய புதுக்கம்பி சேர்க்க வேண்டியிருந்தது. சுருள்களின் உள்வளைவில் சேரும் ஒட்டடையைத் துடைப்பது யார் என்ற கேள்வியை அலங்கார நூல்கள் எழுப்புவதில்லை. எந்த வீட்டிலும் அந்த வேலை ஒருவர் தலையில் விழுகிறது; பெரும்பாலும் அவர் அந்தக் கிராதியைத் தேர்ந்தெடுத்தவராக இருப்பதில்லை.

விலாசக் கிராதி தலைவாசலுக்கு மேல் வைக்கப்படவில்லை. அங்கே வைத்தால் வீடு பிறர் பெயரைச் சூடியதாகும் என்ற மாமியாரின் வாதம் ஏற்கப்பட்டு, பின்கட்டுக் கதவின் நிலைக்கு மேலே, அது முன்பு செய்த அதே வேலையைச் செய்யுமாறு, காற்றுத் திறப்பில் பொருத்தப்பட்டது. எழுத்துகளுக்குரிய குடும்பம் எது என்று கடைக்காரரிடம் கேட்டபோது, பிரிப்பு ஒப்பந்தக்காரரிடமிருந்து பல வீடுகளின் இரும்பு ஒரே லாரியில் வந்ததால் சொல்ல இயலாது என்ற விடையே கிடைத்தது. அதே எழுத்துக்கோவை ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களுக்கும் இருக்கக்கூடும் என்பதால் விலாசத்தை மட்டும் கொண்டு ஊரைக் கண்டறியவும் வழியில்லை. ஊர்ப்பெயர் இழந்த கிராதி, வேலைப்பாட்டின் சான்றாக நிற்கலாம். வரலாற்றின் சான்றாக நிற்காது. எந்த ஊர்க் கொல்லர், எந்த ஆண்டு, எந்த அளவுப் பட்டையில் செய்தார் என்ற கேள்விகள் அந்த லாரியோடு முடிந்துபோகின்றன.

செட்டிநாட்டு ஊர்த் தொகுதி 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அப்பட்டியலில் இடம்பெறுவது எந்தத் தனி வீட்டையும் பிரிப்பிலிருந்து காப்பதில்லை. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டம் நூறு ஆண்டுகளுக்குக் குறையாத, கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட பொருளையும் தொல்பொருள் என்ற வரையறைக்குள் கொண்டுவந்து, அதை வணிகம் செய்ய உரிமம் வேண்டும் என்றும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பலாகாது என்றும் விதிக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த வீடுகளின் இரும்பு இன்று அந்த வயதைக் கடந்துவிட்டது என்பதைக் கடைத்தெருவிலும் வீட்டு அலங்கார வடிவமைப்பாளர்களிடையிலும் பலர் உணர்ந்ததாகத் தெரியவில்லை. பழைய இரும்பை விரும்பி வாங்கும் ஒவ்வொருவரும், தாம் காப்பாற்றுவதாக எண்ணினாலும், பிரிப்பின் விலையைச் சிறிது உயர்த்தவே செய்கின்றனர். மதுரை வீடும் இதற்கு விலக்கன்று. ஆகவே நிற்கும் வீட்டிலிருந்து கழற்றித் தருவதாகச் சொல்லப்படும் எதையும் வாங்காதிருப்பதும், ஏற்கெனவே பிரிந்து வந்ததை மட்டும் வாங்குவதும், வாங்கும்போது ஊர்ப்பெயரையும் தெருப்பெயரையும் ரசீதிலேயே எழுதித் தரும்படி கேட்பதும் வாங்குவோர் செய்யத்தக்கவை. பங்காளிகள் ஒன்றுகூடிப் பிரிப்பதென்றே முடிவெடுக்கும் வீடுகளில், ஒப்பந்தக்காரர் ஏணி சாத்துவதற்கு முன், ஒவ்வொரு கிராதியையும் அது நின்ற இடத்திலேயே அளவுகோலோடு ஒரு நிழற்படம் எடுத்து, அதன் பின்புறத்தில் ஊரின் பெயரை வண்ணத்தால் எழுதி அனுப்பும்படி அவ்வீட்டாரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.